பன்னிரண்டு காம்பராவுக்கு நாற்பது நிமிடம்

வீட்டுக்குள் நெருப்பு இருக்கக் கூடாது. இராமகிருஷ்ணன் போட்ட கணக்குகள் எல்லாம் இந்த ஒரு வரியிலிருந்துதான் தொடங்கின.

அவன் மனைவி பேச்சியம்மாவுக்கு வலிப்பு. எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஒரு மாதம் சும்மா இருக்கும். பிறகு ஒரே வாரத்தில் இரண்டு தடவை கீழே தள்ளிவிடும். போன ஐப்பசியில், குப்பி லாம்பைப் பற்றவைத்துத் தூக்கும்போதே விழுந்தாள். மண்ணெண்ணெய் இடது கையில் கொட்டி எரிந்தது. சுண்டுவிரலும் பக்கத்து விரலும் ஒன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டன. அதன் பிறகு லாந்தர் வாங்கிக் கொடுத்தான். அடுத்த தடவை விழுந்தபோது அதன் கண்ணாடி நொறுங்கிப் பாய் கருகியது. டோர்ச் வாங்கிக் கொடுத்தான். அது வாரத்துக்கு நாலு பற்றரிக் கட்டை தின்றது. சமையல் நெருப்புக்கு ஏற்கெனவே ஒரு வழி பார்த்தாயிற்று. பக்கத்துக் காம்பரா மூக்காயியின் அடுப்பில்தான் இரண்டு வீட்டுச் சோறும் வேகும். மிச்சம் இருந்தது விளக்கு ஒன்றுதான்.

அவன் வேலை செய்தது கண்டியில், நளீர் முதலாளியின் மோட்டர் வைண்டிங் கடையில். வீடு ஹேவாஹெட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய பழைய லயம், குடும்பத்துக்கு ஒரு காம்பரா என்ற ஒற்றை அறை. மேட்டுப் பக்கம் ஆறு காம்பரா, பள்ளத்துப் பக்கம் ஆறு. கரண்ட் தேயிலை பக்டரிக்கும் தோட்டத்தை நிருவகிக்கிற துரையின் பங்களாவுக்கும் வந்து, அதோடு நின்றுவிட்டது. சனிக்கிழமை பின்னேரம் வருவான், திங்கள் விடிவதற்குள் பஸ்ஸேறிவிடுவான். மற்ற நாளெல்லாம் அவள் தனியாக இருந்தாள்.

கடைசியாகக் கடையிலிருந்து இரவல் வாங்கிய கார்ப் பற்றரியைச் சாக்கில் சுற்றி, வாராவாரம் கண்டிக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் பண்ணிக்கொண்டு வருவான். அந்தத் தொண்ணூற்றெட்டாம் ஆண்டு தை மாதம் தலதா மாளிகையில் குண்டு வெடித்த பிறகு அது முடிந்துபோனது; வீட்டில் மறுபடி குப்பி லாம்பு எரிந்தது. தமிழன் மடியில் பற்றரி இருந்தால் பஸ் நகராது. பேச்சியம்மாவைக் கண்டிக்கே கூட்டி வந்துவிடலாம் என்றால், தமிழருக்கு அறை கொடுக்க ஊரில் ஆளில்லை. அவனே கடையின் மேல்தட்டில், முதலாளி பொலிஸில் பதிந்து வாங்கிக் கொடுத்த துண்டுச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் படுத்தான்.

மாசியில் நளீர் முதலாளி வெயிலில் மின்சாரம் தரும் ஒரு சூரியப் பலகையோடு வந்தார். மூடப்பட்ட ஏதோ திட்ட அலுவலகத்து ஏலத்தில் எடுத்தது.

"இது ஒங்களுக்கு. ஒம்பதாயிரத்துக்கு எடுத்தீக்கி, ஒம்பதாயிரத்துக்கே தாரன். மாசாமாசம் கழிச்சிக்கொள்ளுவம்" என்றார்.

இராமகிருஷ்ணனின் மாதச் சம்பளம் நாலாயிரத்து ஐந்நூறு. அவன் பலகையின் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தான். அவன் அப்படித்தான், எதையும் ஒப்புக்கொள்ளுமுன் கைக்கு ஒரு வேலை வேண்டும். முதலாளிக்கும் அது பழகிவிட்டிருந்தது. அவர் தேநீர் வாங்கி வரப் போனார்.

கணக்குச் சொல்லிக் கொடுத்தவர் முத்துலிங்கம் ஐயா. யாழ்ப்பாணத்தார், தொலைத்தொடர்பில் தொழில்நுட்ப அலுவலர், மேசை விசிறி திருத்தக் கொடுத்துவிட்டுக் கடையில் குந்தியிருந்தவர். வைண்டிங் அட்டை ஒன்றின் பின்பக்கத்தை இழுத்து எழுதத் தொடங்கினார்.

"முப்பத்தஞ்சு வோட். அப்ப நல்ல வெயிலுக்கு ரெண்டு அம்பியர் தரும். ஒரு நாளைக்கு அஞ்சு மணித்தியாலம் எண்டு போடும். பத்து அம்பியர் மணி. உமக்கு எத்தினை பல்ப்?"

"ரெண்டு போதும் ஐயா. சின்ன டியூப், ஏழு வோட்."

"அப்ப நாலு மணித்தியாலம் எரிச்சாலும் பாதிதான் செலவு. மழை நாளுக்கும் மிஞ்சும். பற்றரியை மாத்திரம் பாதிக்குக் கீழ இறக்காதையும். கார்ப் பற்றரி எண்டா செத்துப்போம்."

"அஞ்சு மணி வெயில் வருமா ஐயா?"

"ஓம். நான் குறைச்சுத்தான் சொல்லுறன். எங்கட பக்கம் ஆறெண்டே போடலாம்."

எங்கட பக்கம் என்றதும் அவர் அட்டையைத் தள்ளி வைத்தார். பேனையை மூடிச் சட்டையில் குத்திக்கொண்டு, விசிறி சுழல்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். சண்டையால் அவர் யாழ்ப்பாணத்து வீட்டுக்குப் போய் எட்டு வருடம்.

இராமகிருஷ்ணன் அந்த அட்டையை மடித்து வைத்தான். பழைய பற்றரி இரண்டாயிரத்து ஐந்நூறு. பாதிக்கு வந்ததும் தானாக வெட்டிவிடும் ரிலேயை அவனே கார் உதிரிகளில் கட்டிவிடுவான். இரவில் மின்சாரம் பலகைக்குத் திரும்பி ஓடாமல் இருக்க ஒரு டயோட். வயர் கடையில் மிஞ்சிய துண்டுகள். மண்ணெண்ணெய்ச் செலவைக் கழித்தால் மூன்று வருடத்தில் கட்டிவிடலாம். நெடுநாளைக்குப் பிறகு, மாதத்தை விட நீளமான ஒன்றை அவன் எண்ணிப் பார்த்தான். அதுவே கொஞ்சம் பயமாக இருந்தது. முதல் தவணை ஆயிரம் ரூபாயைக் கொடுத்துவிட்டான்.

ஆனாலும் அந்த ஐந்து மணி நேரம் மனதில் உறுத்தியது. அடுத்த ஞாயிறு பேச்சியம்மாவிடம், கூரையில் வெயில் எப்போது ஏறி எப்போது இறங்குகிறது என்று ஒரு வாரம் பார்த்துச் சொல்லச் சொன்னான். பகலில் அவள் மலையில் கொழுந்து எடுக்க நிற்பாள். ஆகவே பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் மூக்காயியிடம் பொறுப்பைக் கொடுத்தாள். லயத்தில் கடிகாரம் கிடையாது. பத்து மணித் தேநீர், பகலிலும் அந்தியிலும் கொழுந்து நிறுக்கிற நிறுவை என்று தோட்டத்து வேலைதான் நேரம்.

அடுத்த சனிக்கிழமை அவன் செருப்பைக் கழற்றுமுன் அவள் சொன்னாள்:

"பத்து மணித் தேத்தண்ணி குடிக்கிறப்பதான் நம்ம தகரத்துல வெயில் ஏறுதாம். பகல் நிறுவைக்கு முன்னாடியே எறங்கிருதாம். சவுக்கு மரம் மறைக்குதாம்."

"தெனமுமா?"

"திங்கக்கெழம வரவேயில்லையாம். சூரியனுக்கும் லீவு குடுத்துட்டாங்க, நமக்குத்தான் இல்லன்னு மூக்காயி அத்தை சிரிக்குது."

"பள்ளத்துப் பக்கத்துக் கூரையில?"

"அதையும் பாத்துச்சு. பகல் நிறுவையிலேர்ந்து அந்தி நிறுவைக்கு முன்னாடி வரைக்கும் நல்ல வெயிலாம்."

அவன் அட்டையை எடுத்துப் பார்த்தான். முத்துலிங்கம் ஐயாவின் ஐந்து மணி, மேகமே இல்லாத, மலையே இல்லாத, அவர் போக முடியாத ஓர் ஊரின் வெயில். இங்கே ஒன்றரை. முதுகுப் பக்கத்தில் மூன்று. பலகையை அந்தப் பக்கம் வைத்தால் ஆறு அம்பியர் மணி. வழியில் வீணாவது போக ஐந்து. பேச்சியம்மா ஒருத்திக்கு, ஒரே பல்பு, அந்திக்கு இரண்டரை மணியும் விடியற்காலையில் ஒன்றரை மணியும் என்று எரித்தால் அதில் பாதி போகும். மழை நாளுக்கு மற்றப் பாதி. இரண்டு பல்பு ஒன்றாயிற்று. பரவாயில்லை. நெருப்பு வெளியே போனால் போதும்.

பள்ளத்துப் பக்கத்தில், அவன் காம்பராவுக்கு நேர் பின்னால் இருந்தது தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் இருளப்பனின் காம்பரா. நடுவில் ஒரே சுவர்.

"ஒங்க கூரையில ஒரு கண்ணாடிப் பலகை வைக்கணும் தலைவரே."

"எங்கூரையா?" இருளப்பன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "ஒழுகுறப்ப மட்டுந்தான் தம்பி அது எங்கூரை. மத்த நேரம் தொரை கூரை. கிளாக்கரையாவப் போய்ப் பாரு."

தோட்ட அலுவலகத்துப் பெரிய கிளாக்கர் முடியாது என்று சொல்லவில்லை. லயத்தில் இருக்கிற பன்னிரண்டு வீடும் ஆட்சேபனை இல்லை என்று கையெழுத்து வைத்துக் கொடுத்தால் துரையிடம் நீட்டுகிறேன் என்றார். பிறகு யாராவது ஒருத்தர் முறையிட்டாலும் பலகை இறங்கிவிடும் என்றும் சொன்னார்.

ஞாயிறு காலையில், லயத்தார் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் எல்லாரும் இருந்தார்கள். இராமகிருஷ்ணன் கடிதத்தை வாசித்துக் காட்டினான். தண்ணீர் விழுகிற சத்தத்தில் இரண்டு தடவை வாசிக்க வேண்டியிருந்தது.

"கையெழுத்துக்கென்ன, வச்சிறலாம்" என்றார் இருளப்பன். "ஆனா வெயிலு எம்பக்கத்து வெயிலுல்ல? ஒரு பல்பு இந்தப் பக்கம் எட்டிப் பாக்கக் கூடாதா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் பாதி விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் சிரிப்பு முடிந்ததும் நான்காம் காம்பராக் கறுப்பையா வாளியைக் கீழே வைத்தான்.

"எம்மவ டிசம்பர்ல ஓ.எல். சோதனை எழுதுறா அண்ணே. புகையில படிச்சுப் படிச்சுக் கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு."

"எனக்கு மட்டும் கண்ணு என்ன கண்ணாடியா?" என்றாள் மூக்காயி. "ஒரு வாரமா வானத்தைப் பாத்துக் கணக்குச் சொன்னவளுக்குக் கூலி வேணாமா?"

"அப்ப எங்க வீட்டுக்கு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று.

இராமகிருஷ்ணன் கடிதத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். எப்படி மறுப்பது என்று அவன் சொல் தேடிக்கொண்டிருக்கும்போதே, பேச்சியம்மா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சொல்லிவிட்டாள்:

"எல்லாத்துக்குந்தான். ஒரு லயத்துல ஒருத்தர் வீடு மட்டும் வெளிச்சமா இருந்தா நல்லாவா இருக்கும்? ஆளுக்கொரு பல்பு வாங்கிட்டா போதும்."

கையெழுத்துக்கள் அந்த இடத்திலேயே விழுந்தன. ஏழு கையெழுத்து, ஐந்து கைநாட்டு.

வீட்டுக்கு வந்து அவன் கதவைச் சாத்தினான். அவள் ஒட்டிய விரல்களால் குடத்தின் வாயைப் பிடித்து இறக்கி வைக்கும்வரை காத்திருந்தான்.

"ஒனக்காகத்தான் பேச்சி இதச் செய்யறேன். அவங்க கண்ணுக்காக இல்ல."

"தெரியும்."

"பன்னெண்டு பல்பு எரிஞ்சா நாப்பது நிமிசத்துல தீந்துரும். அதுக்கு மேல எரிச்சா பேட்டரியே செத்துரும். ஆறரைக்குப் போட்டா ஏழு பத்துக்கு இருட்டு. அப்புறம் திரும்பக் குப்பி லாம்புதான்."

கதவிடுக்கால் வந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து, புடவை முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தாள். அவர்கள் கலியாணத்தில் பாதி அப்படிப்பட்ட நேரங்களால் ஆனது. ஒருவரை ஒருவர் கோபிக்காமல் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

"போன மாசம் எட்டாம் நம்பர் மலையில விழுந்தேன்ல" என்றாள் கடைசியில். "கங்காணி ஓடி வர்றதுக்குள்ள கறுப்பையா பொஞ்சாதி என்னைய மடியில போட்டுக்கிட்டு, வெயில் மயக்கம்யா, காலையில சாப்பிடலன்னு சொல்லுச்சு. அதுக்கு முன்னாடி நிறுவக் கொட்டாயில விழுந்தப்ப தலைவர் வீட்டம்மா. சாவிக்கொத்த எங்கையில திணிச்சு, நாலு பேரு மறைச்சு நின்னாங்க. ஆஸ்பத்திரி மாத்திரை ஒவ்வொரு மாசமும் நீங்க கண்டியிலேர்ந்து கொண்டாறது எதுக்குன்னு இந்த லயத்துல தெரியாத ஆளு இல்ல. ஒருத்தராவது வெளியில சொல்லியிருக்காங்களா?"

அது உண்மை. வலிப்புக்காரி என்று தெரிந்தால் துரை அவள் பேரை வேலைப் பதிவிலிருந்து வெட்டிவிடுவார். காம்பரா அவள் பேரில்தான் இருந்தது. பேர் போனால் காம்பராவும் போகும். பதினொரு வீட்டின் வாயில்தான் அவர்கள் குடியிருந்தார்கள்.

"அதயே சொல்லிக் கேக்கலாமே" என்றான். "பேச்சிக்குப் பாதி, மத்தவங்களுக்குப் பாதின்னு கேட்டா குடுக்க மாட்டாங்களா?"

"கேட்டா குடுப்பாங்க. அதுனாலதான் கேக்கக் கூடாது."

கண்டிக்குத் திரும்பிய பிறகு அவன் ரிலேயைக் கட்டத் தொடங்கினான். கட்டும்போதுதான் அந்த எண்ணம் வந்தது. ரிலேயில் ஒரு திருகாணி உண்டு. அதைக் கால் சுற்றுத் திருகினால், நாற்பதாவது நிமிடத்தில் வெட்டுவதற்குப் பதிலாக இருபதாவது நிமிடத்தில் வெட்டும். மிச்சப் பாதி பற்றரியிலேயே நிற்கும். பேச்சியம்மாவின் பல்புக்கு மட்டும் ரிலேக்கு முன்னாலிருந்து வேறொரு வயர், அரிசிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு சின்ன சுவிட்ச். பன்னிரண்டு பல்பும் ஒன்றாக அணையும். அதன் பிறகு அவளுக்கு நாலு மணி நேரம்.

நளீர் முதலாளியிடம் சொன்னான். யாரிடமாவது சொல்லாமல் முடியவில்லை.

"ஆருக்கும் வெளங்காதா?" என்று கேட்டார் அவர்.

"வெளங்காது மொதலாளி. வெயில் பத்தலன்னு சொன்னா போதும்."

"பொய் செல்ல ஏலும். நம்புவாங்க." அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நம்புற ஆக்களுக்குச் செல்லுறதுதானே கஷ்டம்."

இராமகிருஷ்ணன் திருகாணியைக் கால் சுற்றுத் திருகினான்.

பங்குனி நடுவில் தோட்டத்து பக்டரியின் மின்விசிறி மோட்டர் ஒன்று திருத்தி முடிந்தது. அதைக் கொண்டுபோகும் வேனிலேயே பலகையும் பற்றரியும் ஏறின. சோதனைச் சாவடியில் இராணுவக்காரன் பலகையைத் தட்டி, "மே மொகக்த?" என்று, இது என்ன எனக் கேட்டான். முதலாளி இறங்கி, பக்டரியின் கடிதத்தைக் காட்டி, இது வெயிலில் லைட் எரிக்கிற சாமான் என்று சிங்களத்தில் நெடுகச் சொன்னார். இராணுவக்காரன் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துத் தொப்பியைச் சரிசெய்துகொண்டான். இராமகிருஷ்ணன் வேனுக்குள் தரையைப் பார்த்தபடியே இருந்தான். யாரும் அவனை ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் வேன் நகர்ந்து மூன்று வளைவு தாண்டிய பிறகுதான் அவன் தலையை நிமிர்த்தினான்.

சனிக்கிழமை பின்னேரமும் ஞாயிறு முழுவதும் வேலை. கறுப்பையா கூரையில் ஏறினான். இருளப்பன் கீழே நின்று, யாருடைய தகரத்தில் யார் கால் வைப்பது என்று அதிகாரம் பண்ணினார். பதினொரு வீட்டிலிருந்தும் தேத்தண்ணி வந்தது. எல்லாவற்றையும் குடித்தாக வேண்டியிருந்தது. நல்லவேளையாக வெயிலும் வந்தது. அவன் கூரைத் தகரத்தில் உட்கார்ந்து, அம்பியர் முள் இரண்டைத் தொட்டு நிற்பதைப் பார்த்தான். அந்த ஒரு கணம் அவனுக்கே மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

ஐந்து மணிக்கு, எல்லாரும் முகம் கழுவப் போனபோது, பேச்சியம்மாவைக் கூப்பிட்டு அரிசிப் பெட்டிக்குப் பின்னால் இருந்த சுவிட்சைக் காட்டினான். மெல்லிய குரலில் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கேட்டு முடித்துவிட்டு, அண்ணாந்து பார்த்தாள்.

அந்த லயத்தின் நடுச்சுவர்கள் கூரை வரை போவதில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் செங்கல்லை மிச்சம் பிடித்ததோ என்னவோ, எல்லாச் சுவரும் இரண்டு முழம் குறைவு. ஒரு காம்பராவில் இருமினால் பன்னிரண்டிலும் கேட்கும். ஒரு காம்பராவில் எரிகிற வெளிச்சம் மற்றக் கூரைகளின் அடியில் படியும்.

மோட்டர் கம்பியைச் சுற்றுச் சுற்றாக எண்ணத் தெரிந்தவன், பத்து வருடமாக அண்ணாந்து படுக்கிற அந்த இடைவெளியை எண்ண மறந்திருந்தான்.

"சாக்கு கட்டிறலாம்" என்றான்.

"எதுக்குக் கட்டுனேன்னு கேப்பாங்க."

"குளிருதுன்னு சொல்லு."

"இருபது நிமிசந்தான் வந்துச்சு, என்ன ஆச்சுன்னு ஒங்ககிட்ட வந்து கேப்பாங்க. நீங்க கண்டியில இருப்பீங்க. எங்கிட்டதான் கேப்பாங்க. நான் என்ன சொல்றது?"

"வெயில் பத்தலன்னு."

"கறுப்பையா பொஞ்சாதி மூஞ்சியப் பாத்தா?"

அவள் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்கு ஏதாவது சொல்ல இருந்திருக்கும். அவள் அவன் சட்டையில் ஒட்டியிருந்த கூரைத் துருவைத் தட்டிவிட்டு, "நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க" என்றாள். அதுதான் தாங்க முடியவில்லை.

அவன் திருப்புளியை எடுத்துத் திருகாணியைக் கால் சுற்றுப் பின்னால் திருகினான். அரிசிப் பெட்டிக்குப் பின்னால் போன வயரை அறுத்துச் சுருட்டினான்.

ஆறரைக்கு இருளப்பன் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண, இராமகிருஷ்ணன் பெரிய சுவிட்சைப் போட்டான். பன்னிரண்டு காம்பராவும் வெளுத்தன. குழந்தைகள் கத்தின. மூக்காயி தன் வீட்டுச் சுவரைப் பார்த்து, இவ்வளவு கரியா என்று வாய்விட்டுச் சொன்னாள். சுவர்களுக்கு மேலால் சிரிப்பு ஓடியது. நான்காம் காம்பராவில் கறுப்பையாவின் மகள் சத்தமாகச் சரித்திரப் பாடம் படிக்கத் தொடங்கினாள். இருளப்பன் பின்சுவரைத் தட்டி, "தம்பி, நீ வருசம் பூரா நல்லாயிருக்கணும்டா" என்றார்.

பேச்சியம்மா கால் நீட்டி உட்கார்ந்து, அவனுடைய கண்டிச் சட்டையில் பொத்தான் தைத்தாள். அவள் ஊசியில் நூல் கோப்பதை அந்த வெளிச்சத்தில்தான் அவன் சரியாகப் பார்த்தான். மூன்று விரலாலேயே அதைச் செய்யப் பழகியிருந்தாள்.

ஏழு மணி பத்து நிமிடத்துக்கு ரிலே ஒரு சின்னச் சத்தம் போட்டது. பன்னிரண்டு பல்பும் அணைந்தன. "ஆஆ" என்று ஒரு குரல் லயம் முழுவதும் எழுந்து அடங்கியது. கறுப்பையாவின் மகள் வாசித்துக்கொண்டிருந்த வரியில் பாதியில் நின்றாள்.

பிறகு முதல் காம்பராவில் யாரோ நெருப்புக்குச்சி உரசினார்கள். அடுத்ததில் இன்னொருத்தர். உரசும் சத்தம் சுவர்களுக்கு மேலால் ஒவ்வொன்றாகக் கிட்ட வந்தது. மூக்காயி வீட்டில் உரசியபோது அவர்கள் கூரையில் மஞ்சளாக ஒரு வெளிச்சம் அசைந்தது.

"விடு, நான் பத்தவைக்கிறேன்" என்றான் இராமகிருஷ்ணன்.

"இன்னைக்கு நீங்க பத்தவைப்பீங்க. நாளைக்கு?" என்றாள் அவள்.

இருட்டில் அவள் எழுந்திருப்பது கேட்டது. குப்பி லாம்பைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. குச்சி முதல் தடவை பற்றவில்லை. இரண்டாம் தடவை பற்றியது. அவன் பாய் விளிம்பில் கைகளை நீட்டி, அவள் எந்தப் பக்கம் விழுந்தாலும் பிடிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தான். அவள் திரியைப் பற்றவைத்து, குச்சியை ஊதி அணைத்து, லாம்பை அதன் இடத்தில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். விடிந்தால் திங்கட்கிழமை. அவன் நீட்டிய கைகளை மடக்காமல் வெகுநேரம் அப்படியே இருந்தான்.